ஆஸ்திரேலியாவில் மாட்டிய பித்தளைத் தூக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. பாகூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். அங்கே நான் செய்யும் தொழிலைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். பரணில் கிடக்கும் பழைய பித்தளை, வெண்கலச் சாமான்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏலம் விடுகிறேன். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிட நல்ல விலை வரும். விற்றுக் கொடுப்பதற்கு எனக்கு ஒரு பங்கு. ஏலம் கேட்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் என்றாலே தங்கமானவர்கள் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒருவர், ஏலத்தை நிறுத்திவிட்டு என்னிடம் நேரடியாகப் பணம் வாங்கிக்கொள் என்பார். இன்னொருவர், இங்கே வரி போடுவார்கள், அன்பளிப்பு என்று எழுதி அனுப்பு என்பார். ஒரு புண்ணியவான் எங்கேயோ உடைந்த விளக்கின் படத்தை அனுப்பி, இது உன் விளக்குதான், பணத்தைத் திருப்பிக் கொடு என்று என் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில். குடும்பக் கதை எதுவும் எழுதக் கூடாது. சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த ஆவணியில் பின்தெரு அக்கா ஒருவர் தன் பித்தளைத் தூக்கோடு வந்தார். கணவர் இல்லை. களை பறிக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது, முதல் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. தூக்கு அருமையான தூக்கு, மூடி சிக்கென்று உட்காரும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் அங்கே விலை என்று நான் சொன்னது அவருக்குத் தாங்கவே இல்லை. அழுக்குப் பாத்திரத்தை அனுப்பினால் நம் ஊர்ப் பெண்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவர் கவலை. படம் எடுத்துக்கொண்டு தூக்கை அவரிடமே கொடுத்தேன். விலை போகும்வரை சாமான் அவரவர் வீட்டில் இருப்பதுதான் என் வழக்கம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி ஏலத்தில் எடுத்தார். வந்த பணத்தை அக்காவிடம் கொடுத்தேன், அது அன்றைக்கே கல்லூரிக்குப் போய்விட்டது. அக்கா தூக்கை மூடியோடு கொண்டுவந்தார். நான் வெளியே கீறல், நசுங்கல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பபிள் ஷீட் சுற்றிப் பெட்டியில் வைத்து, சுங்கப் படிவத்தில் 'காலிப் பித்தளைப் பாத்திரம்' என்று எழுதி, தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்மணியிடமிருந்து செய்தி வந்தது. பார்சலை அங்கே அதிகாரிகள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உள்ளே அரிசியும் ஏதோ மஞ்சள் நிறக் கிழங்கும் இருக்கிறதாம், காலி என்று ஏன் எழுதினாய் என்று கேட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடைந்த விளக்குக்காரரின் தங்கச்சி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் அனுப்பியது காலிப் பாத்திரம்தான் என்று வெடுக்கென்று பதில் போட்டேன்.

மறுநாள் அதிகாரிகள் எடுத்த படத்தையே அனுப்பிவிட்டார். எங்கள் தூக்கேதான். பக்கத்தில் முடிச்சு அவிழ்த்த வெள்ளைத் துணி, அதில் ஒரு பிடி அரிசி, ஒரு விரலி மஞ்சள். தானியம், விதை, கிழங்கு எதுவும் அந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்பது என் தொழிலில் பாலபாடம். எல்லாவற்றையும் அழித்துவிடுவதா, தூக்கை மட்டும் சுத்தம் செய்து வாங்கிக்கொள்வதா என்று வாங்கியவர்தான் சொல்ல வேண்டுமாம். செலவும் அவர் தலையில். பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது நியாயம். தூக்கும் போய், கட்டிய பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை அக்காவுக்கு.

கோபத்தோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பார்த்ததும், தூக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். உள்ளே எதற்கு அரிசி வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வெறும் தூக்க எப்டிமா வூட்ட வுட்டு அனுப்பறது? என்னைக் கட்டிக் குடுத்தப்ப எங்கம்மா அரிசி போட்டுத்தான் குடுத்தாங்க. வாங்கற வூடு நல்லா இருக்க வேணாமா?"

என்னால் அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. என் பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த எந்தப் பாத்திரமும் வெறுமனே வந்ததில்லை. விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். முகம் சுண்டிப்போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று மட்டும் கேட்டார். கேட்கலாம் என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் சட்டத்தை முதல்தடவையாக மீறினேன். வெடுக்கென்று பதில் போட்டதற்கு அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். தூக்கு யாருடையது, அவருக்கு யார் கொடுத்தது, வெறும் பாத்திரம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று நாங்கள் ஏன் நினைக்கிறோம், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதினேன். சுத்தம் செய்யும் செலவை நான் ஏற்கிறேன் என்றும் எழுதினேன். கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது கையேந்துவது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

பதில் வரச் சில நாளாயிற்று. அதுவரை அக்கா தினமும் வேலைக்குப் போகும் வழியில் என் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் போவார். அந்தப் பார்வைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் பதில் வந்தது. அரிசியையும் மஞ்சளையும் அழித்துவிட்டார்கள். தூக்கைச் சுத்தம் செய்ய அந்தப் பெண்மணியே பணம் கட்டி வாங்கிவிட்டார். என் பணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கீழே ஒரு கேள்வி இருந்தது. தூக்கைக் கொடுத்தவர் வைத்ததை எடுத்துவிட்டார்கள், இப்போது காலியாக இருக்கிறது, அது எனக்குச் சரியாகப் படவில்லை, என்ன போட்டு வைக்கட்டும் என்று அவரிடமே கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தார்.

வாசித்துக் காட்ட ஓடினேன். அக்கா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க வூட்ல இன்னா சாப்புடுவாங்களோ, அத்த போட்டு வெக்கச் சொல்லுமா" என்றார்.

அப்படியே எழுதினேன். ஓட்ஸ் நிரப்பிய தூக்கின் படம் வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, என்ன இது, உமி மாதிரி இருக்கிறதே, பாவம் இதையா சாப்பிடுகிறார்கள் என்றார்.

இன்றைக்கும் என் சட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஏமாற்ற வருகிறவர்களும் குறையவில்லை. இப்போது எந்தப் பாத்திரத்தையும் மூடி திறந்து, கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல் கட்டுவதில்லை. ஆனால் பெட்டியை ஒட்டுவதற்கு முன், முகம் தெரியாத அந்த வீட்டுக்காக ஒரு நல்ல வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அதை எந்த நாட்டுச் சோதனையிலும் எடுத்துப் போட முடியாது.