மடிப்பு முன்னால்

ஸ்கொட்லாந்து ஆண்கள் பாவாடைபோலக் கட்டும், கட்டம் போட்ட கம்பளிக் கில்ட்டின் பின்மடிப்புகளை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்து, அவற்றின் மேலேயே மோட்டார் சைக்கிளில் உட்காருவார் யோகராஜா அண்ணை. முன் துணியைத் தொடைகளுக்கு இடையில் செருகி, முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை இறுக்குவார். யாழ்ப்பாணத்தில் சாரத்தோடு சைக்கிள் ஓடியவருக்கு இது ஒரு வித்தையா? லண்டன் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள் வாய் பார்ப்பார்கள். மனைவி தவநாயகி நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். ஞாயிறு தவறாமல் நடப்பதுதானே.

கில்ட்டுக்கு உள்ளே என்ன என்று, கேட்கக் கூடாததைக் கேட்டே தீரும் நம் ஆட்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். “உள்ளுக்குக் கட்டைக் களிசான் போட்டிருக்கிறன். இனி வேறை கதையைக் கதையுங்கோ.”

கில்ட் கொடுத்தவர் நீல். ஸ்ட்ரெதமில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஸ்கொட்லாந்துக்காரர். அகதியாக வந்த அண்ணைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். அண்ணையைத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் அடைத்தபோது பிணை நின்று வெளியே எடுத்தார். விசா கிடைத்ததும் தன் கடையிலேயே வேலை கொடுத்தார். “அந்தாள் பிணை நிக்காட்டி நான் இஞ்சை இல்லை” என்று சொல்லும்போது அண்ணையின் குரல் இறங்கிவிடும்.

நீலின் மகள் கல்யாணத்துக்குத்தான் அண்ணை முதன்முதலாகக் கில்ட் கட்டினார். வேட்டிக் கொசுவம் மாதிரித்தானே என்று மடிப்புகளை முன்னால் விட்டுக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறார். காற்றுப் புகுந்து துணி ஹெல்மெட் வரை எழும்ப, ஸ்ட்ரெதம் முழுக்கத் தரிசனம் கண்டது. மண்டப வாசலில் நின்ற நீல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சு வராமல், திருப்பிக் கட்டு என்று விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். கட்டைக் களிசான் மறுநாள் வாங்கியது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் இருவரும் கில்ட்டோடு ஊர் சுற்றினார்கள். போன மாரியில் நீலுக்குப் பாரிசவாதம் வந்தது. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பேச்சில்லை, யார் வந்தாலும் பார்வை யன்னலில்தான். அண்ணை விடாமல் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். “என்னைத் தெரியுதெண்டு ஒருக்கால் காட்டினாப் போதும். நான் சொல்லுற நன்றி ஆருக்குப் போகுதெண்டு எனக்குத் தெரியவேணும்.”

போன ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரனான நானும் காரில் பின்னால் போனேன். இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்திய அண்ணை, இடுப்பு வாரைக் கழற்றி, கில்ட்டை முன்பின்னாக மாற்றிக் கட்டினார். மடிப்பெல்லாம் முன்னால் தெரிய, நீலின் கட்டிலுக்கு நேரே போய் நின்றார்.

நீலின் பார்வை யன்னலை விட்டு மெல்ல இறங்கி, கில்ட்டில் வந்து நின்றது. நெற்றி சுருங்கியது. நல்ல கை போர்வைக்கு வெளியே வந்தது. ஒரு விரல் எழும்பி, காற்றில் கோணல்மாணலாய் ஒரு வட்டம் போட்டது.

“ஓம் அண்ணை, திருப்பிறன்” என்று தமிழிலேயே சொன்னார் யோகராஜா. வாரைக் கழற்றக் கை வைத்தார். அதை அப்படியே விட்டுவிட்டு, அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.