சிவப்பு பல்ப் எரியும் அறை

போன வியாழக்கிழமை ஒரு திருட்டு வேலை செய்தேன். என் சொந்த வீட்டில்.

எங்கள் மாடி அறையில் தர்ஷினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் வாடகைக்கு இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்கிறாள். அதிர்ந்து பேசாத பிள்ளை. அதுவே எனக்கு முதல் சந்தேகம்.

ஒரு மாதத்துக்கு முன் அறை யன்னலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடினாள். கேட்டதற்கு, "வெளிச்சம் ஆகாது அன்ரி" என்றாள். கண்டியில், அதுவும் மழைக்காலத்தில், வெளிச்சத்துக்குப் பயப்பட என்ன இருக்கிறது?

அந்த வாரமே பக்கத்து வீட்டு பரீதா ராத்தா வேலியோரம் வந்தார். அவருடைய தம்பிக்கு அக்குறணையில் மின்சாரச் சாமான் கடை.

"ஒங்கட மாடிப் புள்ள தம்பிட கடையில சிவப்பு பல்ப் வாங்கிட்டுப் போயிருக்கா. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

ஒன்றும் சொல்லவில்லை என்பவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து மாடிப்படியில் நின்று பார்க்கத் தொடங்கினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம். பத்து நிமிடம்தான். உள்ளே போனில் படம் எடுக்கும் சத்தம்... என்ன படம்? யாருக்கு அனுப்புகிறாள்? மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்வதென்று முடிவு செய்தேன். ஆனால், கையில் ஓர் ஆதாரம் வேண்டாமா?

வியாழன் காலை அவள் பஸ் ஏறிப் போனதும் மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தேன். பொலித்தீனை விலக்கினேன். மேசையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள், கறுப்பு டேப் சுற்றிய சின்னத் தகர டப்பா. பிரித்தால், வெட்டிப் போட்ட நகம் மாதிரிச் சுருண்ட மஞ்சள் கீற்று ஒன்று. உள்ளங்கையில் வைத்து யன்னலருகே கொண்டு போனேன்.

அது அசைந்தது.

மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தது. புழு என்றுதான் நினைத்தேன். உதறிப் போட்டேன். பிறகு கைக்குட்டையால் எடுத்து டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, பொலித்தீனை இழுத்து மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

ஆறே காலுக்கு தர்ஷினி கீழே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அன்ரி, என்ர அறைக்க ஆரும் வந்தவையே?"

"இல்லையேம்மா. யாரு வரப்போறா?"

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "அப்ப பிழை என்ர பொருளிலதான்" என்றாள். பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள். போன் திரையில் இருக்கும் திரவப் பளிங்கின் இனத்தைச் சேர்ந்ததாம் அந்தக் கீற்று. அதற்குள் அசோபென்சீன் என்றொரு மூலக்கூறு. குச்சி மாதிரி நேராக நிற்கும். கழியூதா ஒளி, அதாவது யூவி, பட்டால் மடங்கும். எல்லாக் குச்சிகளும் ஒன்றாக மடங்கினால் கீற்றே வளைந்துவிடும். பகல் வெளிச்சம் பட்டால் திரும்ப நிமிரும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அதை ஒன்றும் செய்யாது.

"இருட்டில மாதக்கணக்கா வளைஞ்சபடியே நிக்கோணும். அதுதான் என்ர ஆராய்ச்சி. லாப்பில கூரை திருத்துறாங்கள் எண்டு இஞ்ச கொண்டு வந்தனான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் படம் எடுத்துப் பாத்தனான், இருபத்திரண்டு நாள் நிண்டது. இண்டைக்கு நிமிர்ந்துபோய்க் கிடக்கு. நாளைக்கு எங்கட பேராசிரியர் சேரிட்டச் சொல்லிப்போட்டு இதை விடப்போறன். ரெண்டு வருச வேலை."

என்ன செய்வேன்? வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். அவளுடைய இரண்டு வருடம் போய்விடும்.

"நான்தாம்மா தொறந்தேன். வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரத்தில நிமிர்ந்தது?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அப்ப பொருள் நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு அழுதாள். ஆறுதலா கோபமா, தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது. "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அன்ரி."

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும்... சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சாது. நம்மில் பலர் கேட்காமலே இருப்பது அதனால்தானோ?

மறுநாள் மாடிக்குக் கூப்பிட்டாள். சின்னக் கழியூதா டோர்ச்சை அடித்தாள். என் கண்முன்னே அந்த மஞ்சள் கீற்று வளைந்தது. டப்பாவை மூடி, கொப்பியில் முதலாம் நாள் என்று எழுதினாள். மேல் வரியை எட்டிப் பார்த்தேன். 'மாதிரித் துண்டில் பகல் வெளிச்சம் பட்டது. காரணம்: வீட்டுக்கார அன்ரி.'

"இத எழுதத்தான் வேணுமாம்மா?" என்றேன்.

ஆராய்ச்சிக் கொப்பியில் பொய் எழுதக்கூடாதாம்.