ஒழுக்கு நின்ற வாரம்

கக்கூஸ் ஒழுகுவதற்கெல்லாம் ஒரு மனுஷி அழுவாளா என்று கேட்டால், நான் அழுதிருக்கிறேன். கண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், உட்காருகிற கொமட்டின் அடியில் பூசிய சீமெந்து திரும்பத் திரும்ப விட்டுப்போனது. தண்ணீர் தரையில் ஊறி, கீழே வீட்டுக்கார அம்மாவின் குசினியில், சரியாக அடுப்புக்கு மேலே சொட்டியது.

அவர் நல்ல மனுஷி. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகப் பயம். படிக்கட்டின் கீழே நின்று, "மகள், இது நஜீஸ் தண்ணி, அசுத்தம். சோத்துப் பானைல விழுந்தா நாங்க என்ன செய்ற? இனியும் ஒழுகினா வேற ஊடு பாருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வேறு வீட்டுக்கு எங்கே போவது? அப்பாவுக்குச் சீனி வருத்தம், போதாக்குறைக்கு நெஞ்சு வலியும். முன்பு கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்குப் பஸ் ஏறி ஏறியே மனுஷன் பாதியாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், நாய் படாத பாடு பட்டுப் பிடித்த வீடு அது.

மேசன் பாஸ் வந்தார், கொமட்டைக் கழற்றினார், பூசினார், போனார். கொஞ்ச நாள்கூடத் தாங்காது. மறுபடி அவர் வந்தபோது பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"என்ன பாஸ் வேல செய்றீங்க? எங்கள வீட்ட விட்டே வெரட்டப் போறாங்க!"

அப்பா கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒழுகவே இல்லை. ஒரு வாரம்! வீட்டுக்கார அம்மா வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். கத்திய வாயாலேயே பாஸைப் புகழ்ந்தேன். அப்பா மட்டும் பசியில்லை என்று சோற்றை ஒதுக்கினார். "தேத்தண்ணி போதும்மா" என்பார். வருத்தம் முற்றுகிறதோ என்று எனக்குக் குலை நடுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டதில் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதாம். ஏன் சாப்பிடவில்லை என்று வார்ட்டில் நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுல ஒக்காந்தா எனக்கு வரமாட்டேங்குதும்மா. மேல ஏறிக் குந்துனாத்தான் வருது. ஏறுனா அது ஆடுது, ஒழுகுது. சாப்பிட்டாத்தானே போகணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். "வீடு போனா போகுது, நீங்க தின்னுங்கப்பா!" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் சோறும் பருப்பும் வைத்தேன். சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் படிக்கட்டின் கீழிருந்து குரல் வந்தது.

"மகள், திரும்பவும் ஒழுகுது!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு வீடு தேட எனக்குத் தெம்பும் இல்லை, வழியும் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் குரல் என் வயிற்றில் பாலை வார்த்தது.