பனிக்கண்டத்து அலையும் மஃரிபு விளக்கும்

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் உம்மாவும் தங்கையும். வாப்பா தோணியில் சரக்கேற்றிப் போயிருந்தார். நானும் இல்லை. மழைக்காலம்; கூரை ஒழுகினால் பார்க்கட்டும் என்று பின்னறைச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ராமநாதபுரம் போயிருந்தேன்.

தேவிபட்டினத்தில் எங்கள் பின்னறையை வாடகைக்கு எடுத்து, நில அதிர்வைப் பதியும் கருவியொன்றை அரசாங்கத்தார் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான்; அதைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை எனக்கு.

தென்துருவத்துக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தால், அந்த அலை தரையின் மேற்பகுதியை ஒட்டியே பனிக்கண்டத்தின் அடியாக வந்து எங்கள் ஊரையும் தொடும். கண்டத்தின் தடித்த பாறையில் மெதுவாக வரும். மெல்லிய கடல்தரையில் விரைந்து வரும். வேகத்தை அளந்தால் பனிக்கடியில் என்ன இருக்கிறதென்று தெரியும். முதன்முதல் இதைக் கேட்ட அன்று வியப்பில் சோற்றையே மறந்துபோனேன். "அப்படி ஒரு அலை சுத்தமாப் பதிவானா கருவியும் இங்க இருக்கும், நீயும் இருப்பே" என்றிருந்தார் அதிகாரி.

கருவி ஒளிப்புள்ளியால் படத்தாளில் கோடு இழுக்கும். ஆகவே அறை எப்போதும் இருட்டு.

மறுநாள் தாளைக் கழுவினேன். முழுக்கக் கறுப்பு.

"உம்மா, உள்ள யாரு போனா?"

"நான்தான். பொழுது அடைஞ்சு மஃரிபுத் தொழுகைக்கு விளக்கு வச்சேன். அந்த அறை மட்டும் இருட்டாக் கெடந்தா வீட்டுல பரக்கத்து எப்படிடா தங்கும்?"

"வெளிச்சமே படக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சன்னலத் தொறக்காதேன்னுதானே சொன்னே? நான் தொறக்கலையே!"

தங்கை சிரித்தாள்; அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "உலகத்துக்கு அங்கிட்டு குலுங்குறது காக்காவுக்குத் தெரியும். வீட்டுல விளக்கு வைக்கிறது தெரியாது."

இரண்டாம் நாள் தந்தி வந்தது: உம்மா விளக்கு வைத்த அதே மாலை துருவத்துக்கு அப்பால் நிலநடுக்கம், தாளை அனுப்பு என்று. கறுப்புத் தாளையே அனுப்பி, நடந்ததை எழுதினேன். சுத்தமான பதிவு ஒன்று எடுக்க ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள்.

விளக்கு வைக்காதே என்று உம்மாவிடம் நான் சொல்லவில்லை. நான் பார்த்திராத கண்டம் எனக்கு எவ்வளவு நிஜமோ, அவருக்கு பரக்கத்து என்னும் அந்த இறையருளும் அவ்வளவு நிஜம்.

படம் கழுவும் கடையில் எரியும் சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது; அந்த வெளிச்சம் படத்தாளைக் கறுப்பாக்காது. வாப்பா திரும்பியதும், தோணியின் இடப்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடி விளக்கைக் கேட்டேன்.

"வலப்பக்கத்துப் பச்சையையாவது எனக்கு விட்டு வைப்பியா?" என்றார். ஆனாலும் கழற்றிக் கொடுத்தார். போகிற ஊரில் வேறு வாங்கிக்கொள்வாராம்.

உம்மா தினமும் அறை மூலையில் அதை ஏற்றினார். தவணை முடியும் முன் அலை வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு அகலமாக, நிதானமாக ஏறி இறங்கியிருந்தது. கருவி தங்கியது; நானும்.

வாப்பா வேறு விளக்கு வாங்கும் முன்பே, இடப்பக்க விளக்கில்லாமல் இரவில் ஓட்டியதற்காகத் தோணியைத் துறைமுகத்தில் பிடித்துவிட்டார்கள். பனிக்கண்டத்தின் அடியைப் பார்த்ததற்கு எங்கள் வீட்டுச் செலவு, வாப்பா கட்டிய அபராதம்: பதினைந்து ரூபாய்.