அட்டையில் தட்டிய மூன்று மாதம்

தேர்வன்று வகுப்பில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், தட்டச்சு வாத்தியார், ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்க வந்த தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. ஆறாம் வகுப்போடு நின்றுபோன எனக்கும் கிராணியாகிவிட ஆசை.

"தினம் ஒரு மணி நேரம், மூன்றே மாசம். கைவராவிட்டால் காசு வாபஸ்" என்று எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கச் சொல்லித்தான் வாத்தியார் ஆள் பிடித்தார். இருந்ததோ ஒரே மெஷின். முறை வராதவர்கள் அட்டையில் வரைந்த எழுத்துகளைத் தட்ட வேண்டும். என் முறை வரவேயில்லை; வேலை கிடைக்காதோ என்ற கவலையில் நான் ஒருநாள் விடாமல் அட்டையைத் தட்டினேன். அட்டை என்றைக்காவது தப்பைக் காட்டுமா?

தேர்வில், நிஜ மெஷினில் என் விரல் பட்டும் தாளில் ஓர் எழுத்தும் விழவில்லை.

"தடவிக் கொடுக்கிறியே தம்பி, அது என்ன பூனையா?" என்று கிராணி எழுந்து போனார்.

"இன்னும் மூணு மாசம் பழகு" என்றார் வாத்தியார், கூசாமல்.

நான் ஃபீஸ் கட்டிய பதினைந்து வெள்ளிக் காசை அவர் இன்னும் தரவில்லை.