ஓலை வாசித்த ஞாயிறு

இருதயமேரி டீச்சர் கத்திரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். கடைக்காரர் தானாக எடுத்து நீட்டுவதை ஒருநாளும் தொடமாட்டார். மாப்பிள்ளை விஷயத்தில் கிள்ளிப் பார்க்கக் காம்பு இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

மகள் ரோசரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய சமயத்தில்தான் திருவெறும்பூர்ப் பக்கம் புதுத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதுவரை பாலக்கரையில் கத்தோலிக்க மாப்பிள்ளை என்றால் வாத்தியார், இல்லையென்றால் ரயில்வே குமாஸ்தா. இப்போது ஃபிட்டர், வெல்டர், சூப்பர்வைசர் என்று திடீரென்று பெருகிவிட்டார்கள். தரகர் ஸ்தனிஸ்லாஸ் வாரம் தவறாமல் ஒரு போட்டோவோடு வந்தார். எல்லாருமே குடிக்காதவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், தாயை மதிப்பவர்கள். அதுதான் டீச்சருக்கு உதைத்தது. இத்தனை நல்லவர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?

போட்டோக்களைத் தையல் மெஷின் மேஜை மேல் பரப்பிவைத்துப் பார்ப்பார். காலையில் பிடித்த முகம் சாயங்காலம் திருட்டு முழியாகத் தெரியும். ஸ்ரீரங்கம் தபாலாபீசில் வேலை பார்த்த ஒருவனை நேரில் பார்க்க மூன்று தடவை பஸ் ஏறிப் போய்க் கார்டு வாங்கிவந்தார். மூன்று தடவையும் அவன் சில்லறையைச் சரியாகக் கொடுத்துச் சிரித்தான். முன்பின் தெரியாத கிழவியைப் பார்த்து என்ன சிரிப்பு என்று அவனையும் தள்ளிவைத்தார். தள்ளிவைத்தாரே தவிர, வேண்டாம் என்று யாரையும் சொல்லவில்லை. எந்த போட்டோவும் திரும்பிப் போகவில்லை.

இரண்டு ஈஸ்டர் கடந்துவிட்டன. எக்ஸ்சேஞ்சில் ரோசரிக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களெல்லாம் கல்யாணப் பத்திரிகை நீட்டினார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் மேஜை மேல் கிடந்ததைப் பார்த்தாள்.

"அம்மா, நீ மாப்பிள்ளை தேடலை. குறை தேடுறே. வர்ற தவக்காலத்துக்கு முன்னாடி முடியலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். இதுக்கு மேல என்னால முடியாது."

சொல்லிவிட்டு, பரப்பியிருந்ததில் விக்டர் என்பவனின் போட்டோவைத் தனியாக எடுத்துவைத்தாள். தொழிற்சாலையில் வெல்டர். பெண் பார்க்க வந்த அன்று, எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டி இருந்தால் யார் துணைக்கு வருவார்கள் என்று அவளிடமே கேட்டவன் அவன் ஒருவன்தான்.

டீச்சர் சரி என்றார். பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். மற்ற போட்டோக்களை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் துணிப்பெட்டியின் அடியில் வைத்தார். ஓலை வாசிக்கட்டும், பார்க்கலாம் என்று ஸ்தனிஸ்லாசிடம் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இரண்டு பேருடைய பங்குக் கோயில்களிலும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். டீச்சருக்கும் ஒருகாலத்தில் வாசித்தார்கள். பாக்கியநாதன் அவருக்கு வந்த ஒரே வரன். தேர்ந்தெடுக்கும் பேச்சே எழவில்லை. பாக்கியநாதனுக்குக் காசநோய் என்பது அவருடைய ஊருக்கே தெரியும். மூன்று ஞாயிறும் அந்த ஊர்க் கோயிலில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தார்கள். ரோசரிக்கு நடை வருவதற்குள் அவர் போய்விட்டார். அடக்கத்தன்று ஒருத்தி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம் என்று அழுதாள். அன்றைக்குப் பிறகு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாலே டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

முதல் ஓலை சொந்தக் கோயிலில் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு ரோசரியிடம்கூடச் சொல்லாமல் தஞ்சாவூர் பஸ் ஏறி, விக்டரின் கோயிலுக்குப் போய்ப் பெண்கள் பக்கம் கடைசியில் முக்காடு போட்டு உட்கார்ந்தார். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். விக்டர் பெயர் வந்தது. காலஞ்சென்ற பாக்கியநாதனின் மகள் ரோசரி என்று வந்தது. டீச்சர் பீடத்தைப் பார்க்கவில்லை; ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், யார் தலையைக் குனிகிறார்கள். முன்னால் இருந்த ஒரு பெண் சிரித்த மாதிரி இருந்தது. டீச்சர் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பூசை முடிந்ததும் அந்தப் பெண்ணே திரும்பினாள்.

"ஊருக்குப் புதுசா இருக்கீங்க. பொண்ணு வீடுங்களா?"

அந்தப் பெண் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் டோரதி. அந்தப் பையனுக்குப் பக்கத்து வீடு. கேக்காம சொல்றேன்னு நினைக்காதீங்க. கோவம் வந்துட்டா கண்ணு மண்ணு தெரியாது அவனுக்கு. தெருக்குழாயில தண்ணி பிடிக்கிற தகராறுல எங்க வீட்டுக்காரரோட புது அலுமினியக் குடத்தை மிதிச்சு நசுக்கிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விடியறதுக்குள்ள வேற குடம் வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். இவரு கதவைத் திறக்கமாட்டேன்னுட்டாரு. வேலைக்குப் போகாம மத்தியானம் வரைக்கும் நின்னான். உங்க பொண்ணுகிட்ட சொல்லிவைங்க, கோவத்துல இருக்கும்போது எதுத்துப் பேச வேண்டாம்னு."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் டோரதி. போய்க் குடித்தார். விக்டர் வாங்கிக் கொடுத்த குடத்தையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

ராத்திரி ரோசரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், தனக்கும் கோபம் வரும், குடத்தைப் பித்தளையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

மறுநாள் ஸ்தனிஸ்லாஸ் வந்ததும், டீச்சர் துணிப்பெட்டியைத் திறந்து போட்டோக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்குங்களே டீச்சர். ஒண்ணு ரெண்டைக் கைவசம் வச்சுக்கலாமே?"

"வேண்டாங்க. குடத்தை நசுக்கினானாமே, உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்தனிஸ்லாசுக்கு முகம் சுருங்கியது. சின்ன விஷயம், அதைப் போய்ச் சொல்வானேன் என்று இழுத்தார்.

"அதை முதல்லயே சொல்லியிருந்தா," என்றார் டீச்சர், "இத்தனை பேரை நீங்க சுமந்திருக்க வேண்டாம்."