மூடக் கூடாத படம்

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சாபீஸில் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கும் அறையில் வேலையில் இருந்தேன். அதற்கு முன் எம். புதுப்பட்டியில், பட்டாசு கம்பெனி மருந்து ரூமில் வெடிமருந்து கலந்தேன். அந்த ரூமை விட்டு வெளியே வந்ததே பெரிசு. திரும்பப் போகக் கூடாது. அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

டிசைன்கள் எல்லாம் சர்வர் என்ற பெட்டியில் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அந்த ஃபோல்டரை என் கம்ப்யூட்டரில் மவுண்ட் பண்ணியிருந்தோம். அங்கே இருப்பது இங்கே இருப்பது போலத் தெரியும். இரண்டிலும் லினக்ஸ். மதுரைக்காரர் ஒருவர் போட்டுக் கொடுத்து, தேவையான கட்டளைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் பூஜை, அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடும் நாள். புது வருசத்து முதல் டிசைனான லட்சுமி படத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து, திரைக்குப் பொட்டு வைப்பார்கள். முதல் காலண்டர் லோடு போகிறவரை படத்தை மூடக் கூடாது. முதலாளி வைத்த முறை. ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன்.

அந்த வருசம் லோடு போகும் முன்பே சர்வர் டிஸ்க் கரகரத்தது. எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் எடுத்தாயிற்று. மாற்றி மாட்ட வேண்டியதுதான். அதற்கு முன் என் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபோல்டரைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் சர்வரை நிறுத்தினால் என் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். கட்டளை கொடுத்தேன். பிஸி என்றது. மறுபடியும் பிஸி. ஃபோல்டரை எது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க இன்னொரு கட்டளை உண்டு. கேட்டேன். திறந்து கிடந்த லட்சுமி படம்.

மேனேஜர் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒரு நிமிசம் மூடி, இந்த கம்ப்யூட்டருக்கே ஒரு காப்பி எடுத்து அதைத் திறந்து வைக்கலாம் என்றேன்.

"பூசையில வச்ச வெளக்க அமத்திட்டு வேற வெளக்கு பொருத்தினா சரியாப் போகுமாலே?"

"மூடாட்டி கம்ப்யூட்டரையே அமத்த வேண்டி வரும் அண்ணாச்சி."

"அத அப்பப் பாப்போம். மொதலாளி வாரதுக்குள்ள டிஸ்க்க மாத்து."

சர்வரை நிறுத்தி மாற்றினேன். என் திரை உறைந்தது. மவுஸ் நகரவில்லை. லட்சுமி மட்டும் நின்றாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"சாமி நிக்குதுல்ல. இதுக்கா பயந்த."

புது டிஸ்க் ஓடியும் என் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. இல்லாததைத் தேடிக்கொண்டே இருந்தது. அச்சு மெசின்காரர்கள் ஃபிலிம் கேட்டு வாசலில் சத்தம் போட்டார்கள். அண்ணாச்சியிடம் போய் நின்றேன். வாய் திறக்காமல் கையை அசைத்தார், அணைத்துவிடு என்று. பொத்தானை அமுக்கினேன்.

முதலாளி உள்ளே வந்தார். கறுத்த திரையில் பொட்டு மட்டும் இருந்தது.

"யாரு அமத்துனது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மவுண்ட், பிஸி என்றதெல்லாம் அவருக்குச் சாக்காகப் பட்டிருக்கும். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். சூடம் கொளுத்தி, படத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

சீசன் முடியும்வரை வைத்திருந்தார்கள். இடையில் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. பூஜைப் படம் அணைந்த குற்றம் என்று அதையும் என் தலையில் போட்டார்கள். முடிந்ததும் வர வேண்டாம் என்றார்கள்.

பிறகு ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"இப்ப எங்கன இருக்க?"

"மருந்து ரூம்ல."

"வேல இருக்குல்ல. அம்புட்டுத்தான்யா வேணும்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். வேறென்ன செய்ய.